விண்கலத்தில் ஒரு மருத்துவர்: யெகோரோவ் முதல் போல்யகோவ் வரை

கரிசல் காட்டு ஊர்களில் விண்வெளி என்ற பேச்சு பெரும்பாலும் மாஸ்கோ வழியாகவே வந்தது. பொதுவுடைமைக் கட்சியின் சோ. அழகர்சாமியைப் பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி, அந்தக் கரிசல் ஊர்களில் ஒன்றான கோவில்பட்டி. அங்கே 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்கள், படித்து முடித்ததும் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாகிவிடும். அந்த அட்டைகளில் ககாரினையும் தெரெஷ்கோவாவையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு விண்வெளி வீரர் என்றால் விமானி, அல்லது விமானியைப் போன்ற துணிச்சல்காரர். மருத்துவர்களும் போனார்கள் என்பது அவ்வளவாகப் பதியவில்லை. அவர்கள் ஏன் போனார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது.

முதலில் போனவர் போரிஸ் யெகோரோவ் (1937–1994). தந்தை நரம்பு அறுவை மருத்துவர், தாய் கண் மருத்துவர். உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியே இவருடைய ஆய்வுத்துறை. 1964 அக்டோபர் 12 அன்று வஸ்கோத்-1 கலத்தில் கொமரோவ், பியோக்திஸ்தோவ் இருவருடன் புறப்பட்டு மறுநாள் தரையிறங்கினார். ஒருவருக்காகச் செய்த கலத்தை மாற்றி மூவரை உட்கார வைத்ததால் விண்வெளி உடை அணியக்கூட இடமில்லை. அமெரிக்காவை முந்தும் அவசரம் மருத்துவத் தேவையை விடப் பெரிதாக இருந்த பயணம் அது என்பதே என் கணிப்பு. ஒரே நாளில் உடலைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டுவிட முடியும்?

தேவை பின்னால்தான் வந்தது. 1970 ஜூனில் சோயூஸ்-9 கலத்தில் 18 நாள் இருந்து திரும்பிய நிக்கோலயேவும் செவஸ்தியானோவும் எழுந்து நிற்கவே திண்டாடினார்கள். எடையற்ற நிலையில் தசை தளர்கிறது. இதயமும் வேலை குறைந்து சோம்பிவிடுகிறது. அடுத்த ஆண்டு சோயூஸ்-11 வீரர் மூவரும் திரும்பும் வழியில் காற்று கசிந்து இறந்தார்கள். அவர்களும் விண்வெளி உடை அணிந்திருக்கவில்லை.

1984 பிப்ரவரி 8 அன்று சல்யூத்-7 நிலையத்துக்குக் கிளம்பிய ஒலெக் ஆத்கோவ் இதய மருத்துவர். கிசீம், சலவ்யோவ் இருவரோடும் ஏறத்தாழ 237 நாள் தங்கினார். எடுத்துச் செல்லக்கூடிய ஒலியலைக் கருவியால் சக வீரர்களின் இதயத்தையும் தன் இதயத்தையும் அங்கேயே படம் பிடித்தார். அந்த ஏப்ரலில்தான் நம் ராகேஷ் சர்மா அந்நிலையத்துக்குப் போய் எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக விண்வெளியில் இருந்தார். யோகாசனம் எடையற்ற உடலுக்கு உதவுமா என்பது அவருடைய சோதனைகளில் ஒன்று. சர்மாவின் பெயரை நாடே அறியும்; அவர் போய் இறங்கிய இடத்தில் ஒரு மருத்துவர் குடியிருந்தார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? 1985-இல் அதே நிலையத்தில் மருத்துவர் இல்லாத குழுவின் தலைவர் வஸ்யூதின் நோயுற்றார். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு நவம்பரில் எல்லோரும் திரும்ப வேண்டியதாயிற்று.

வலேரி போல்யகோவ் 1988 ஆகஸ்டில் மீர் நிலையத்துக்குப் போன காரணங்களில் ஒன்று, ஓராண்டுத் தங்கலை முடிக்கவிருந்த தித்தோவ், மனாரோவ் இருவரின் உடல்நிலையைக் கண்காணிப்பது. இரண்டாம் முறை தன் உடலையே ஆய்வுப் பொருளாக்கினார். 1994 ஜனவரி 8 முதல் 1995 மார்ச் 22 வரை 437 நாள் தொடர்ந்து இருந்தார். ஒரே பயணத்தில் அதைவிட நீண்ட நாள் எவரும் இன்றுவரை விண்வெளியில் இருந்ததில்லை. செவ்வாய்க்குப் போகிறவன் இறங்கியதும் வேலை செய்ய முடியுமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. தரையிறங்கியதும் கலத்திலிருந்து பக்கத்து நாற்காலி வரை தானே நடந்து போய் உட்கார்ந்தார். 18 நாளில் துவண்டவர்களின் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால், அந்தச் சில அடிகள் எந்த ஆய்வறிக்கைக்கும் குறைந்தவை அல்ல. நிலையத்தில் நாள் தவறாமல் செய்த உடற்பயிற்சிதான் அந்த நடையைச் சாத்தியமாக்கியது.

ஆக, பயணம் நீண்டபோதுதான் மருத்துவருக்கு இருக்கை உறுதியாயிற்று. கோவில்பட்டிக்குத் தெற்கே மகேந்திரகிரியில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்கான எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. அத்திட்டத்துக்கென 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் விமானப்படை விமானிகள். மூன்று நாள் பயணத்துக்கு அது சரி. ஆனால் 2035-க்குள் இந்தியா தனக்கென விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிடுகிறது. வீரர் தேர்வின் கதவை மருத்துவர்களுக்கும் இப்போதே திறந்தாக வேண்டும்.