கடிதவுறையில் வந்த கடனட்டையும் கைவிரித்த பொலிஸாரும்

தபாலில் வரவேண்டிய கடனட்டை வழியிலேயே களவு போய், முகமறியாத ஒருவர் அதனைக் கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய பின்னர்தான் உரியவருக்குச் சங்கதி தெரியவருகிறது. பொலிஸ் நிலையத்துக்கு ஓடினால், "முதலில் வங்கிக்கு அறிவியுங்கள்" என்பதே பதில். லண்டனில் வாழும் நம்மவர்கள் சிலர் இந்தப் பதிலைக் கேட்டு மனம் நொந்து என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள். பொலிஸாரின் சோம்பல் என்பது அவர்களது கணிப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

அது தொடங்குவது கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில். 1958 செப்டெம்பரில் பாங்க் ஒவ் அமெரிக்கா அந்நகரவாசிகளுக்குச் சுமார் 60,000 கடனட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. எவரும் விண்ணப்பிக்கவில்லை, எவரிடமும் சம்மதம் கேட்கப்படவுமில்லை. ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் மாநிலமெங்கும் ஏறத்தாழ 20 இலட்சம் அட்டைகள் பரவின. நூற்றுக்கு 4 கணக்குகளில்தான் நிலுவை விழும் என்று வங்கி மதிப்பிட்டிருந்தது. விழுந்ததோ நூற்றுக்கு 22. வங்கி ஒப்புக்கொண்ட நட்டம் 88 இலட்சம் டொலர். திட்டத்தின் மூலகர்த்தாவான ஜோசப் வில்லியம்ஸ் 1959 முடிவதற்குள் பதவி விலகினார். அந்த அட்டைதான் 1976இல் விசா என்று பெயர் மாறியது.

கடனைக் கட்டாதவர்களால் மட்டும் வந்த நட்டமல்ல அது. கடிதப் பெட்டிகளிலிருந்து அட்டைகள் களவு போயின. காசோலையில் கள்ளக் கையெழுத்து வைப்பவனையும் பணப்பை பறிப்பவனையும் பொலிஸாருக்கு நன்கு தெரியும். இதுவோ புதிய குற்றம். களவு போன பொருள் சில சதம் பெறுமதியான ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதனைக் காட்டிப் பொருள் வாங்கியவன் யாரை ஏமாற்றினான்? கடைக்காரரையா? அவருக்கு வங்கி பணம் கொடுத்துவிடுகிறது. அட்டையில் பெயருள்ளவரையா? தன் பெயரில் ஓர் அட்டை புறப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது! முறைப்பாட்டாளர் யாரென்றே தெரியாத வழக்கை எந்தப் பொலிஸ் நிலையம் பதியும்? கடனட்டைக்கெனத் தனிக் குற்றப் பிரிவுகளை அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக இயற்றத் தொடங்கியது 1960களில்தான்.

பிரெஸ்னோவிலிருந்து மற்றைய வங்கிகள் பாடம் படிக்கவில்லை. 1966 நத்தாரை முன்னிட்டு சிக்காகோ வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு சுமார் 50 இலட்சம் அட்டைகளைத் தபாலில் கொட்டின. ஒரே குடும்பத்துக்குப் பல அட்டைகள் சென்றன. குழந்தைகளின் பெயருக்கும் சென்றன. தபால் ஊழியர்கள் சிலரே உறைகளைக் கையாடினர். களவெடுத்த அட்டைகளுக்குக் கறுப்புச் சந்தை உருவாயிற்று. கேட்டுப் பெறாத, கண்ணாலும் காணாத அட்டையில் யாரோ வாங்கிய பொருட்களுக்கான பட்டியல் வீட்டுக்கு வந்தபோது, தான் வாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமையும் அந்த அப்பாவியின் தலையிலேயே விழுந்தது.

இந்தக் குழப்பத்துக்குள் தெளிவான அதிகாரத்தோடு இறங்கக்கூடியவர்கள் தபால் புலனாய்வாளர்களே. அமெரிக்காவில் தபாற் களவு சமஷ்டிக் குற்றம்; ஐந்து வருடம் வரை சிறை. ஆயுதம் தாங்கவும் கைது செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அட்டை உறையை விட்டு வெளியே வந்தபின் அவர்களது கையும் கட்டப்பட்டது. இதற்கு 1974இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு நல்ல உதாரணம். லூயிவில் நகரில் ஒருவன் அறைத் தோழனின் காரையும் கடனட்டையையும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றி, மோட்டல்களில் தங்கிச் சுமார் 2,000 டொலர் செலவழித்தான். பற்றுச்சீட்டுகள் தபாலில் வங்கிக்குப் போனதைக் காட்டி, 1872இலிருந்து இருந்துவரும் தபால் மோசடிச் சட்டத்தின் கீழ் அரச தரப்பு வழக்காடியது. பற்றுச்சீட்டு தபாலேறும் முன்பே அவனுடைய ஏமாற்று முடிந்துவிட்டது. எனவே அச்சட்டம் பொருந்தாது என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். 1970இல் வந்த புதிய சட்டத்தின் குற்றப் பிரிவோ 5,000 டொலருக்குக் குறைந்த மோசடியைத் தொடவில்லை.

அந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியமானது. செனட்டர் வில்லியம் புரொக்ஸ்மயர் முன்னின்று முயன்றதன் பயனாக, கேளாதவருக்கு அட்டை அனுப்புவது தடை செய்யப்பட்டது. பிறர் செய்த மோசடிக்கு அட்டைக்குரியவர் ஏற்கவேண்டிய பொறுப்பு 50 டொலருக்கு மேற்படாது என்றும் விதிக்கப்பட்டது. பொதுமக்களுக்குப் பெரும் ஆறுதல்தான். ஆயினும் நட்டம் வங்கியின் தோளுக்கு மாறியதும், பொலிஸாரின் கண்ணில் பாதிக்கப்பட்டவரும் வங்கியாகவே மாறிவிட்டார். வங்கிகளோ நட்டத்தை வியாபாரச் செலவாக எழுதிவைத்துவிட்டு நகர்ந்தன. தபால் களவு போனவரின் பதைப்பு எந்தப் புத்தகத்திலும் பதியப்படவில்லை. 1984இல் சமஷ்டிச் சட்டம் இறுக்கப்பட்டு இரகசிய சேவைக்கு விசாரணை அதிகாரம் வழங்கப்பட்டபோதும், சிறு தொகைக்காரரின் நிலை பெரிதாக மாறவில்லை என்பதே என் எண்ணம். (இலங்கையில் கொடுப்பனவுச் சாதன மோசடிகளுக்கான தனிச் சட்டம் 2006இல்தான் வந்தது.)

பிரிட்டன் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. 2002இல் அட்டைக் குற்றங்களுக்கென அங்கு அமைக்கப்பட்ட விசேட பொலிஸ் பிரிவுக்குப் பணம் கொடுப்பது வங்கித்துறை. பொலிஸ் சீருடைக்கு வங்கி செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பிரிவு கும்பல்களைப் பிடித்தது என்பதையும் மறுக்க முடியாது. 2007 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அட்டை மோசடியை முதலில் வங்கியிடமே முறையிடவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. லண்டன் நண்பர்கள் கேட்ட பதில் இங்கேதான் பிறந்தது. தாள் வேலை குறையும் என்றார்கள். பொலிஸ் புள்ளிவிபரத்திலிருந்து ஒரு குற்றம் அப்படியே மறைகிறது என்று அன்றே கண்டித்தவர்களும் உண்டு.

எட்டு வருடங்களின் பின்னர், 2015 ஒக்டோபரில், அந்நாட்டுத் தேசிய புள்ளிவிபர அலுவலகம் வீடு வீடாக விசாரித்து முதற்தடவையாக மோசடிகளுக்கு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. களவு, அடிதடி உள்ளிட்ட வழமையான குற்றங்கள் அனைத்தும் சேர்ந்து வருடத்துக்கு 65 இலட்சம். அதுவரை அந்தக் கணக்கில் சேராதிருந்த மோசடிகள் மட்டும் 51 இலட்சம்.