சிகாகோ எரிந்த இரவில் எரிந்த இன்னொரு ஊர்

1871 அக்டோபர் 8, சிகாகோ பெருந்தீ. கேள்விப்பட்டிருப்பீங்க. சுமார் 300 பேர் இறந்தார்கள்.

அதே ராத்திரி, வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்ற சின்ன ஊரும் எரிந்தது. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் குறைந்தது 1,200 பேர் பலி. 2,500 வரை இருக்கலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் அதிக உயிர்களைக் குடித்த காட்டுத்தீ இதுதான். ஆனா எத்தனை பேருக்குத் தெரியும்?

மரத்தை நம்பிப் பிழைத்த ஊர். மர அறுவை ஆலை, வாளி, தொட்டி செய்யும் தொழிற்சாலை, மர வீடுகள், மர நடைபாதை, தெருவெல்லாம் மரத்தூள். அந்த வருஷம் மழையே இல்லை. வெட்டிப்போட்ட கிளைகள் காட்டில் காய்ந்து கிடந்தன. ரயில் பாதை போடுறவங்களும் நிலம் திருத்துறவங்களும் ஆங்காங்கே புதரைக் கொளுத்திக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்குப் பலத்த காற்று வீசியது. சின்னச் சின்ன நெருப்பெல்லாம் ஒன்றாகிவிட்டது.

மக்கள் ஆற்றுக்கு ஓடினார்கள். இந்தக் கரையில் இருந்தவங்க அந்தக் கரைதான் பாதுகாப்புன்னும், அங்கே இருந்தவங்க இங்கேதான்னும் நினைச்சு, பாலத்தின் நடுவில் மோதிக்கிட்டாங்க. அதுவும் மரப்பாலம்.

பீட்டர் பெர்னின் என்ற பாதிரியார் ஐந்தரை மணி நேரம் தண்ணீரில் நின்று பிழைத்தார். தலையில் ஓயாமல் தண்ணீர் தெளிக்கணும், இல்லைன்னா முடி பற்றிக்கொள்ளும். மேலே நெருப்பு, கீழே அக்டோபர் மாதத்து ஆறு. குளிரில் விறைத்து இறந்தவர்களும் உண்டு!

உடம்பில் தீக்காயமே இல்லாத சடலங்களும் கிடைத்தன. ஒரு டாக்டரா எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கொதிக்கும் காற்றை இழுத்தால் தொண்டை வீங்கி மூச்சுப்பாதை அடைபடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தீயில் சிக்கியவர்களில் பலரைக் கொல்வது புகைதான்.

தந்திக் கம்பிகள் எரிந்துபோனதால் சேதி தலைநகரம் போய்ச் சேரவே இரண்டு நாள். அதற்குள் கவர்னர் சிகாகோவுக்கு உதவக் கிளம்பிட்டார். சேதி வந்தது அவர் மனைவி பிரான்சிஸ் ஃபேர்சைல்டு கைக்கு. வயசு 24. பதவி எதுவும் கிடையாது. சிகாகோவுக்குப் போக நின்ற நிவாரண ரயிலைப் பெஷ்டிகோ பக்கம் திருப்பிவிட்டார். ரயிலில் போர்வை இல்லைன்னு தெரிஞ்சதும், ஊர்ப் பெண்களிடம் போர்வைகளைத் திரட்டி ஏற்றினார்.

ஆலை முதலாளி வில்லியம் ஆக்டன் சிகாகோவின் முதல் மேயர். ஒரே ராத்திரியில் இரண்டு ஊரிலும் அவர் சொத்து போச்சு. அறுவை ஆலை திரும்ப வந்தது. வாளித் தொழிற்சாலை வரவே இல்லை. காடு அழிந்த நிலத்தில் விவசாயம் செய்தார்கள். பின்னால் காகித ஆலை வந்தது. இன்றைக்கு அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. பக்கத்தில் சுமார் 350 பேரை ஒன்றாகப் புதைத்த கல்லறை. அவங்களுக்குப் பெயர் இல்லை. அடையாளம் சொல்ல உயிரோடு யாரும் மிச்சமில்லை.