பெயரில் மட்டும் மிஞ்சிய ஊர்

எங்கள் டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் ஏழூர் அம்மன் திருவிழா என்று ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊர்க்காரரும் தத்தம் ஊருக்கென்று ஒரு சப்பரம் கட்டி எடுத்து வருவார்கள். கும்பிடுவது அம்மனைத்தான், ஆனாலும் "எங்கள் சப்பரம்" என்று ஒருவர் சொல்லும்போது குரலில் ஒரு முறுக்கு ஏறுகிறதே, அது பக்தியோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. திருப்பூரிலும் சென்னையிலும் பிழைக்கப் போனவர்கள்கூட அந்த நாளைக்கு வந்து தோள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வந்து சேர ஊர் என்று ஒன்று இருக்கிறது, அதனால் வருகிறார்கள். ஊரே கைவிட்டுப் போனவர்கள் எங்கே போய் எதைத் தூக்குவது?

கல்கத்தாவில் அப்படிப்பட்டவர்கள் ஓர் உதைபந்தாட்டச் சங்கத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அதன் பெயர் ஈஸ்ட் பெங்கால். அதாவது, கிழக்கு வங்காளம். பூகோளப் படத்தில் இன்று அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1947ல் பாகிஸ்தானோடு போன பகுதிக்குக் கிழக்கு வங்காளம் என்று மாகாணப் பெயர் இருந்தது. 1955ல் அது கிழக்குப் பாகிஸ்தான் ஆயிற்று. 1971ல் வங்காள தேசம் என்ற தனி நாடாயிற்று. அரசாங்கங்கள் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டே போக, ஒரு பந்தாட்டச் சங்கம் மட்டும் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அகதிகள் சேர்ந்து தொடங்கிய சங்கம் என்றே கேட்பவர்கள் நினைப்பார்கள். அப்படியல்ல. தேசப் பிரிவினைக்கு 27 வருஷம் முன்பே அது பிறந்துவிட்டது. பிறந்ததற்குக் காரணமும் மிகச் சிறியது. 1920 ஜூலை 28ஆம் தேதி, ஜோராபகான் என்ற சங்கம் மோகன் பகானை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. ஜோராபகான் கோஷ்டியிலிருந்து சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைத் தள்ளிவிட்டார்கள். சங்கத்தின் உபதலைவரான சுரேஷ் சந்திர சௌதுரி அவரைச் சேர்க்கும்படி எவ்வளவோ வாதாடினார். பலிக்கவில்லை. கிழக்குச் சீமைக்காரர் என்பதனால்தான் தள்ளினார்கள் என்பது அவர்கள் கட்சி. சௌதுரி வெளியேறினார், நான்காம் நாள், ஆகஸ்டு 1ஆம் தேதி, புதுச் சங்கம் உதயமாகிவிட்டது. நம் நாட்டில் பாதிச் சங்கங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் தொடங்கியவைதாமே! சிவப்பும் பொன்னிறமும் அவர்கள் வர்ணம். சௌரங்கியில் ஓர் ஆங்கிலேயர் கடையில் தொங்கிய சட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது.

எதிரியான மோகன் பகான் 1889ல் ஏற்பட்ட மூத்த சங்கம். 1911 ஜூலை 29ஆம் தேதி, ஐ. எப். ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்றது. பூட்ஸ் போட்ட வெள்ளைச் சிப்பாய்களைப் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய வங்காளிகள் ஜயித்த செய்தி தேசம் முழுவதும் பரவிற்று. இதில் ஒரு வேடிக்கை: அன்று ஆடிய பதினொருவரில் பலர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களே. அப்போது அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பிற்பாடு பார்த்தார்கள். கிழக்கத்தியாருக்கு 'பாங்கால்' என்றும், கல்கத்தாப் பக்கத்துப் பூர்வகுடிகளுக்கு 'கோட்டி' என்றும் பெயர். (நம் தெற்கத்திச் சீமையில் இரண்டாவது சொல்லை வாய்விட்டுச் சொன்னால் அடி விழும். வங்காளியில் அதற்குச் செம்பு என்று பொருள்.) பேச்சு வழக்கு வேறு, சமையல் வேறு என்ற அளவில் இருந்த கேலியைப் பந்து மைதானம் இரண்டு கொடிகளாக்கிவிட்டது. முதல் பிரிவில் இந்தியச் சங்கங்கள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்று அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. வெள்ளைக்காரன் போட்ட அந்த வேலியைத் தாண்டித்தான் ஈஸ்ட் பெங்கால் 1925ல் உள்ளே வந்தது. அந்த வருஷம் மே 28ஆம் தேதி மோகன் பகானை முதல் முதலாகச் சந்தித்து, ஒரு கோலில் ஜயித்தது.

இவ்வளவும் விளையாட்டுதான். 1947க்குப் பிறகு வந்தது விளையாட்டல்ல. சியால்தா ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கியவர்கள் லட்சக்கணக்கானவர்கள். 1950ல் பாரிசாலிலும் டாக்காவிலும் கலவரம் மூண்டபோது இன்னும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நிலம் நீச்சு, குளம், மாந்தோப்பு எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள், கல்கத்தாவின் தெற்குப் புறத்தில் காலி நிலங்களை வளைத்துக் குடிசை போட்டார்கள். விஜயகட், ஆசாத்கட் என்றெல்லாம் அவற்றுக்குக் கோட்டைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தட்டி மறைப்புக்குக் கோட்டை என்று பெயர்! பக்கத்தில் இருந்தவர்கள் இவர்களை வந்தேறிகளாகவே பார்த்தார்கள். பேச வாய் திறந்தால் உச்சரிப்பே காட்டிக் கொடுத்தது. அப்படிப்பட்டவன் மைதானத்துக்குப் போனால், அவன் ஊரின் பெயரை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலில் கூவுகிறார்கள். வேறெங்கே அவனுக்கு அது கிடைக்கும்?

கிடைத்த நேரமும் அப்படி அமைந்தது. சங்கத்தின் காரியதரிசி ஜோதிஷ் சந்திர குஹா ஆள் பிடிப்பதில் மகா கெட்டிக்காரர். முன்வரிசைக்கு ஐந்து பேரைச் சேர்த்தார்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. வங்காளம் இவர்களுக்குப் 'பஞ்ச பாண்டவர்' என்று பட்டம் சூட்டியது. 1949, 1950, 1951 மூன்று வருஷமும் கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே. அதற்குமுன் எந்த இந்தியச் சங்கமும் அதைத் தொடர்ந்து மூன்று முறை வென்றதில்லை. 1951லும் 1952லும் டில்லியின் டியூராண்ட் கோப்பையும் வந்தது.

ஐந்து பெயர்களையும் வாசகர் இன்னொரு தடவை படிக்க வேண்டும். ஒருவராவது வங்காளியா? அப்பாராவ் ஆந்திரர். சாலே கேரளத்தவர். மற்ற மூவரும் பெங்களூர்ப் பக்கம். அகமது கான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடியவர். இலீஷ் மீனின் ருசியோ, பத்மா நதியின் வெள்ளமோ இவர்களுக்கு என்ன தெரியும்? அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அகமது கானும் சாலேயும் முஸ்லிம்கள். மதத்தின் பெயரால் வீடு எரிந்து ஓடிவந்தவர்கள், அகமது கான் காலுக்குப் பந்து போனதும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அரசியல் தலைவர்கள் மாநாடு கூட்டியும் சாதிக்காத ஒன்று அது. அவர்களுடைய மனப்புண் ஆறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆட்டம் நடந்த நேரம் அது வேறு விதமாகத் துடித்தது, அவ்வளவுதான்.

இந்தச் சரித்திரத்துக்கு ஸ்காட்லாந்தில் ஓர் அண்ணன் இருக்கிறான். பஞ்சத்தில் அடிபட்டு அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்த கத்தோலிக்க ஏழைகளுக்காக, சகோதரர் வால்ஃபிரிட் என்ற துறவி 1887ல் செல்டிக் சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவது நோக்கம். 1888 மே மாதம் முதல் ஆட்டத்திலேயே ரேஞ்சர்ஸ் சங்கத்தை 5-2 என்று வென்றார்கள். அந்த இரண்டுக்கும் இன்றுவரை தீராத போட்டி. 1952ல் அயர்லாந்துக் கொடியை இறக்கச் சொன்னபோது செல்டிக் மறுத்துவிட்டது. அவ்வளவு வைராக்கியம்! ஆனால் 1967ல் அவர்களுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன், ஒரு பிராட்டஸ்டண்டு. கல்கத்தாவில் ஐந்து தென்னாட்டார் செய்ததை அங்கே இவர் செய்தார். 1936ல் அதே செல்டிக்குக்காக, காலில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வந்தவர் கல்கத்தாக்காரரான முகமது சலீம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவர் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங் வேறொரு பெரிய கதை.

கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலீஷுக்கு (நம் உல்லம் மீன்தான்) விலை ஏறும். மோகன் பகான் வென்றால் இறாலுக்கு ஏறும். இது ரசிக்கத்தக்க பகை. எல்லாப் பகையும் இப்படி மீனோடு நிற்பதில்லை. 1980 ஆகஸ்டு 16ஆம் தேதி ஈடன் தோட்டத்தில் இந்த இரு சங்கங்களும் ஆடியபோது கலகம் மூண்டு, நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். கிளாஸ்கோவில் 1971 ஜனவரி 2ஆம் தேதி, செல்டிக் ரேஞ்சர்ஸ் ஆட்டம் முடிந்து படியில் இறங்கியவர்கள் 66 பேர் நசுங்கிச் செத்தார்கள். அங்கே சண்டைகூட இல்லை, கூட்டமே கொன்றது.

பிறகு முதலாளிகள் வந்தார்கள். 1998ல் ஒரே மதுபானக் குழுமம் இரண்டு சங்கத்துக்கும் பணம் போட்டு, இரண்டின் பெயருக்கு முன்னாலும் தன் சரக்குகளின் பெயரை ஒட்டியது. பரம வைரிகள் ஒரே பீப்பாயில்! 2020ல் மோகன் பகான் இன்னொரு சங்கத்தோடு இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆயிற்று. அபிமானிகள் தெருவில் இறங்கினார்கள். 2023ல் அந்த முன்னெழுத்துகள் அகற்றப்பட்டன. கிழக்கத்தியார் மட்டுந்தான் பெயருக்காக மனம் நோகிறவர்கள் என்று இனிச் சொல்ல முடியாது.

ஈஸ்ட் பெங்காலின் நூற்றாண்டு நிறைவும் அந்த 2020ஆம் வருஷத்தில்தான் வந்தது. கொரோனாக் காலம். போட்டிகள் யாவும் கோவாவில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. நவம்பர் 27ஆம் தேதி வாஸ்கோ நகரத்து மைதானத்தில் பழைய எதிரிகள் மோதினார்கள். 1997ல் சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதினாயிரம் பேருக்கு மேல் திரண்டு பார்த்த அதே மோதல்; இப்போது காலி நாற்காலிகளுக்கு முன்னால். அகதிகளின் பேரப் பிள்ளைகள் வீட்டில் டெலிவிஷன் முன் உட்கார்ந்து பார்த்தார்கள். மோகன் பகான் 2-0 என்று ஜயித்தது. இறாலுக்குக் கிராக்கி ஏறியிருக்க வேண்டும்.