நடக்கும் வேலி

1874-ல் இல்லினாய் மாநிலத்துக் குடியானவர் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். மரமும் கல்லும் அருமையாக இருந்த அமெரிக்கச் சமவெளியில் வேலி போட அதைவிட மலிவான சாதனம் கிடையாது. பத்து வருஷத்துக்குள் புல்வெளியெல்லாம் கம்பி மயம்.

பனிக்காற்று அடித்தால் மாடு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே நகர்ந்துகொண்டே போகும். வடக்கத்தி மாடுகள் அப்படி வந்து தங்கள் புல்லை மொட்டை அடிக்கின்றனவே என்று டெக்ஸாஸ் பண்ணைக்காரர்களுக்கு எரிச்சல். 1881 முதல் நாலைந்து வருஷங்களில், குறுக்கே சுமார் 200 மைல் நீளத்துக்குக் கம்பி கட்டினார்கள். 1886 ஜனவரியில் பெரும் பனிப்புயல் வந்தது. மாடுகள் வழக்கம்போல் தெற்கே நடந்தன, கம்பி தடுத்தது. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை நெருக்க, வேலியோரமாகவே ஆயிரக்கணக்கில் விறைத்துச் செத்தன.

சரி, புல்லாவது பிழைத்ததா? அதுவும் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர்க் கரையை விட்டு நகர மனம் வராது. கடித்த புல் வேரின் சேமிப்பைக் கொண்டு மறுபடி துளிர்க்கிறது. துளிரையும் உடனே கடித்தால் வேர் சோர்ந்துவிடும். எங்கே, எத்தனை நாள் மேய்கிறது என்பதுதான் விஷயம். நட்ட கம்பியோ நட்ட இடத்தில் நிற்கும். பொது நிலங்கள் பாழாவதைக் கண்டு 1934-ல் மேய்ச்சலுக்கே ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று.

2000 மே மாதத்தில், ஜி.பி.எஸ். செய்திகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. இருக்கும் இடத்தைச் சாமானியனும் சில கஜ வித்தியாசத்தில் அறியலாம் என்றாயிற்று. நியூ மெக்ஸிகோவின் ஹோர்னாடா ஆராய்ச்சிப் பண்ணையில் டீன் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி இதை மாட்டின் கழுத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது நார்வேயிலும் நியூஜிலாந்திலும் இத்தகைய பட்டை வியாபாரமாகவே நடக்கிறது. சொந்தக்காரர் கைப்பேசியில் கோடு கிழிக்கிறார். மாடு கோட்டை நெருங்கினால் பட்டை ஒலிக்கும். மீறினால் சின்ன ஷாக். சில நாளில் ஒலி கேட்டதுமே பெரும்பாலானவை திரும்பிவிடுகின்றன. புல் குறைந்தால் கோட்டைத் தள்ளிப் போடலாம். ஓடைக்கரைக்கு ஓய்வு கொடுக்கலாம். புயல் வந்தால் அழித்தே விடலாம்.

ஷாக் எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் முள் மட்டும் கொஞ்சவா செய்தது?

கம்பி இன்னும் போய்விடவில்லை. பட்டையில் மின்சாரம் தீரலாம், சமிக்ஞை எட்டாமல் போகலாம். ஆகையால் சாலையோரத்திலும் அடுத்தவர் எல்லையிலும் கிளிடனின் முள்ளைத்தான் நம்புகிறார்கள்.