நாற்பது பாட்டும் கால் மணிக் கணக்கும்: அமெரிக்கப் பண்பலையில் டாப் 40 முறை வேரூன்றிய வரலாறு

அமெரிக்க வானொலி வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். பண்பலையின் ஒலி தெளிவானது, அதில் ஸ்டீரியோ உண்டு. ஆகவே பாட்டுகள் மத்திய அலையை விட்டு அங்கே குடிபெயர்ந்தன என்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இடிக்கிறது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் பண்பலைக்குக் காப்புரிமை பெற்றது 1933இல். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்தது 1961இல். சில வெற்றிப் பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் டாப் 40 முறையின் தலைமைப்பீடமாக விளங்கிய நியூயார்க்கின் மத்திய அலை நிலையம் டபிள்யூஏபிசி பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு மாறியதோ 1982 மே 10இல். நல்ல ஒலி கைவசம் இருந்தும் இருபது ஆண்டுகள் ஏன் ஆயின? உரிம விதி, காரில் பொருத்திய ரேடியோ, நேயர் கணக்கெடுக்கும் சிறு புத்தகம் ஆகிய மூன்றும் ஒலித்தரத்தைவிட அதிகம் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜூக்பாக்ஸ் கதையும் அதன் ஐயங்களும்

நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாஹா நகரில், பகலில் மட்டுமே ஒலிபரப்ப உரிமம் பெற்ற கேஓடபிள்யூஎச் என்ற சிறு நிலையம் இருந்தது. பியர் ஆலை நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்த டாட் ஸ்டார்ஸும் அவர் தந்தையும் அதை 1949இல் வாங்கினர். வானொலி நாடகங்களும் வேடிக்கை நிகழ்ச்சிகளும் தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. காலியான மணிநேரங்களை எதைக்கொண்டு நிரப்புவது என்று நிலையங்கள் திகைத்து நின்றன.

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற கதை வருகிறது. ஸ்டார்ஸும் அவருடைய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பில் ஸ்டூவர்ட்டும் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் ஜூக்பாக்ஸில் காசு போட்டு அதே சில பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கடை மூடும் நேரம். நாள் முழுக்க அவற்றைக் கேட்டுச் சலித்திருக்க வேண்டிய பணிப்பெண், தன் காசைப் போட்டு அதே பாட்டையே மறுபடி ஓடவிடுகிறாள். நல்ல கதை. ஆனால் இது நடந்த ஆண்டு சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. ஸ்டார்ஸ் ராணுவத்தில் இருந்த நாட்களிலேயே இதைக் கவனித்துவிட்டார் என்றொரு வடிவமும் உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, அதன் சாரம் தொழிலுக்கு உண்மை: நேயர் வேண்டுவது புதுமையை அல்ல, ஏற்கெனவே பிடித்துப்போனதை.

நாற்பது என்ற எண்ணுக்கும் இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. ஜூக்பாக்ஸில் நாற்பது தட்டுகள் இருந்தன என்பது ஒன்று. மற்றது நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்தது. அங்கே டபிள்யூடிஎஸ்யூ நிலையம் இருபது பாட்டுகளை வரிசைப்படுத்தி ஒரு நிகழ்ச்சி நடத்தியது. 1953இல் அந்த ஊரில் டபிள்யூடிஐஎக்ஸ் நிலையத்தை வாங்கிய ஸ்டார்ஸ் குழுவினர் அதை அப்படியே இரட்டிப்பாக்கி நாற்பது என்றனர். எனக்கு இரண்டாவதே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. கடைத்தெருப் போட்டியில் பிறந்த எண்ணுக்குத் தத்துவம் தேட வேண்டியதில்லை. பின்னாளில் எந்த நிலையமும் அந்த எண்ணைக் கறாராகக் காப்பாற்றவுமில்லை. 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கேஎச்ஜே நிலையத்தைக் கையிலெடுத்த பில் டிரேக், பட்டியலை முப்பதாகக் குறைத்து, அறிவிப்பாளரின் பேச்சையும் வெட்டினார். வென்றும் காட்டினார்.

இதற்கிடையில் டல்லஸில் கார்டன் மெக்லெண்டனின் கேஎல்ஐஎஃப் நிலையம் ஜிங்கிளையும் பரிசுப் போட்டிகளையும் சேர்த்து முறைக்கு ஆரவாரம் ஊட்டியது. காசு வாங்கிக்கொண்டு தட்டுப் போட்ட பேயோலா ஊழல் 1959இல் வெடித்தது. அதைக் காரணம் காட்டிப் பல முதலாளிகள் பாட்டுத் தேர்வை அறிவிப்பாளர் கையிலிருந்து பிடுங்கி நிகழ்ச்சி இயக்குநரிடம் கொடுத்தனர். பண்பலைக்குப் போகுமுன்பே டாப் 40 ஒரு மேலாண்மை முறையாகிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

பண்பலை எதற்காகக் காத்திருந்தது?

1945இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் பண்பலையை 42–50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88–108க்கு மாற்றியது. அதுவரை விற்ற பெட்டிகள் ஒரே முடிவில் பயனற்றுப் போயின. நீண்ட வழக்குகளில் நொந்துபோன ஆம்ஸ்ட்ராங் 1954இல் தற்கொலை செய்துகொண்டார். பண்பலை உரிமம் வைத்திருந்தவர்களில் பலர் தங்கள் மத்திய அலை நிகழ்ச்சியையே அதிலும் அப்படியே அஞ்சல் செய்தார்கள். தனி நிகழ்ச்சி இல்லாததால் தனிப் பெட்டி வாங்க ஆளில்லை. பெட்டி இல்லாததால் தனி நிகழ்ச்சிக்கு விளம்பரம் இல்லை.

டாப் 40 கேட்ட இளைஞர் கையில் இருந்தது டிரான்சிஸ்டரும் அப்பாவின் காரும். 1960களில் இரண்டிலும் பெரும்பாலும் மத்திய அலை மட்டுமே வந்தது. டபிள்யூஏபிசி 50,000 வாட் நிலையம். இரவானால் அதன் அலை வானில் மோதித் திரும்பிப் பல மாநிலங்களில் கேட்கும். கண்ணுக்கெட்டிய தொலைவோடு நின்றுவிடும் பண்பலையை எந்த முதலாளி அதற்குமேல் மதிப்பார்?

இந்த முடிச்சை அவிழ்த்தது பொறியியல் அல்ல, ஓர் ஆணை. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், இரட்டை நிலையம் வைத்திருப்பவர் தம் மத்திய அலை நிகழ்ச்சியைப் பண்பலை நேரத்தில் பாதிக்கு மேல் அஞ்சல் செய்யக் கூடாது என்று ஆணையம் 1964இல் விதித்தது. முதலாளிகள் எதிர்த்தார்கள், தவணை கேட்டார்கள். 1967 தொடக்கத்தில்தான் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இனி மீதி நேரத்தை மலிவாக நிரப்ப வேண்டும். சிலர் தானியங்கி நாடா இயந்திரத்தை வைத்து மெல்லிசை ஓடவிட்டார்கள். சிலர் இளைஞர்களிடம் ஸ்டூடியோவைக் கொடுத்து, என்ன வேண்டுமோ செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் கேஎம்பிஎக்ஸில் 1967இல் டாம் டோனஹ்யூ தொடங்கிய நிகழ்ச்சி இந்தக் காலி இடத்தில் முளைத்ததுதான். நீளமான ஆல்பம் பாட்டுகள், கத்தாத குரல், ஜிங்கிள் கிடையாது. டாப் 40 எதையெல்லாம் செய்ததோ அதற்கு நேர்மாறு. டோனஹ்யூவே மத்திய அலை டாப் 40 நிலையத்தில் பெயர் வாங்கியவர். தான் விட்டுவந்த வீட்டை அவர் பத்திரிகையில் அழுகிய பிணம் என்று திட்டியதைப் பார்த்தால், அந்தக் கோபம் அறிவிலிருந்து வந்தது என்று தெரியும்.

ஆனால் அந்தச் சுதந்திரம் நீடிக்கவில்லை. நியூயார்க்கில் டபிள்யூஓஆர்-எஃப்எம் 1966இல் ராக் நிலையமானது. மறு ஆண்டே டிரேக்கின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1970களில் லீ ஏப்ரம்ஸ் ஆல்பம் ராக்கையே குறுகிய பட்டியலாகச் சுருக்கிப் பல ஊர்களுக்கு விற்றார். பெயரில் எதிரியாக இருந்தாலும் வேலை செய்த விதத்தில் அது டாப் 40தான். பண்பலைக்குள் அந்த முறை முதலில் நுழைந்தது மாறுவேடத்தில் என்பேன்.

ஹார்ட்ஃபோர்டிலிருந்து நியூயார்க்

1973இல் மயாமியின் ஒய்-100 போன்ற சில நிலையங்கள் வெளிப்படையாகவே பண்பலையில் டாப் 40 நடத்தத் தொடங்கின. கார்களில் பண்பலைப் பெட்டி பரவப் பரவக் கணக்கு மாறியது. 1970களின் இறுதியில் நாடு முழுவதும் பண்பலை கேட்பவர்கள் மத்திய அலை கேட்பவர்களை முந்தினர். 1978 ஜூலையில் நியூயார்க்கின் டபிள்யூகேடியூ என்ற பண்பலை நிலையம் மென்ராக்கை விட்டு டிஸ்கோவுக்குத் தாவியது. சில மாதங்களிலேயே டபிள்யூஏபிசியைக் கீழே தள்ளியது. மத்திய அலை டாப் 40இன் முதுகெலும்பு அங்கே முறிந்தது. 1982 வரை ஓடியது மிச்சக் காலம்தான்.

இதற்கு ஓராண்டு முன்பே, 1977இல், கனெடிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் டபிள்யூடிஐசி-எஃப்எம் நிலையத்தில் மைக் ஜோசஃப் ஒரு பழைய மருந்தை அதிக வீரியத்தில் கொடுத்தார். அப்போது விற்பனையில் உள்ள பாட்டுகள் மட்டும். போன ஆண்டின் வெற்றிப் பாட்டுக்குக்கூட இடமில்லை. பழைய மத்திய அலையின் கூச்சலும் ஜிங்கிளும் அப்படியே திரும்பின. ஹாட் ஹிட்ஸ் என்று பெயரிட்டார். 1981இல் ஃபிலடெல்ஃபியா, 1982இல் சிகாகோ என்று அது பரவியது.

1983 ஆகஸ்ட் 2 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரின் பேரில் உரிமம் பெற்ற ஒரு மெல்லிசை நிலையம் இசட்-100 ஆனது. தம்பாவிலிருந்து வந்த ஸ்காட் ஷானன் தன் காலை நேரக் கும்மாள நிகழ்ச்சியையும் கூட்டி வந்தார். நியூயார்க் கணக்கெடுப்பின் அடிமட்டத்திலிருந்து 74 நாட்களில் முதலிடம். இசைத் தொலைக்காட்சியான எம்டிவி தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ராக், நடனம், கறுப்பினத்தவர் இசை எல்லாம் ஒரே பட்டியலில் இடம்பிடித்த அபூர்வமான சில ஆண்டுகள் அவை. டாப் 40க்குப் பண்பலையில் பொற்காலம் என ஒன்று உண்டென்றால் இதுதான்.

கால் மணிக் கணக்கு

இந்த நிலையங்களின் பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். இசட்-100 உண்மையில் ஒலிபரப்பியது 100.3இல். மயாமியின் ஒய்-100, 100.7. நியூயார்க்கின் 99-எக்ஸ், 98.7. தம்பாவின் கியூ-105, 104.7. ஏன் இந்த முழுமைப்படுத்தல்? நேயர் கணக்கெடுத்த ஆர்பிட்ரான் நிறுவனம் வீடுகளுக்கு அனுப்பிய நாட்குறிப்புப் புத்தகத்தில் விடை இருக்கிறது. வியாழன் தொடங்கிப் புதன் வரை ஒரு வாரம், எப்போது எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று நேயர் தம் கையால் எழுத வேண்டும். எழுதும்போது நினைவுக்கு வராத நிலையத்தை அவர் கேட்டதாகவே கணக்கில்லை. ஆகவே பெயர் சொல்ல எளிதாக இருக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது நுட்பமான இடம். கால் மணிக்குள் ஐந்து நிமிடம் கேட்டாலே அந்தக் கால் மணி முழுதும் நிலையத்தின் வரவு. 9.10க்குத் திருப்பி 9.20க்கு அணைத்தவர் கேட்டது பத்தே நிமிடம், ஆனால் 9.00–9.15இல் ஐந்தும், 9.15–9.30இல் ஐந்துமாக இரண்டு கால் மணிகள் சேர்ந்துவிடும். அதனால் 9.15ஐத் தாண்டும் நொடியில் விளம்பரம் போடுவது தற்கொலை. அங்கே மிக வலுவான பாட்டு ஓட வேண்டும். விளம்பரங்களை 20ஆம் நிமிடத்தையும் 50ஆம் நிமிடத்தையும் ஒட்டித் தள்ளினார்கள். ஸ்டூடியோச் சுவரில் ஒட்டிய வட்ட வரைபடத்தில் மணிநேரம் அப்பம்போல் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு வகைப் பாட்டுக்கு. அறிவிப்பாளருக்கு முன், பாட்டுக்கு ஓர் அட்டையாக அடுக்கிய பெட்டி. முன்னால் உள்ள அட்டையை எடுத்து அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டுப் பின்னால் செருக வேண்டும். உச்ச வரிசையில் அட்டைகள் குறைவு. அதனால் அதே பாட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பி வரும். பிடிக்காத அட்டையைத் தாண்டிப் போன அறிவிப்பாளர்களும் இருந்தார்கள். 1979இல் தொடங்கிய ஆர்சிஎஸ் நிறுவனத்தின் செலக்டர் மென்பொருள் அந்தச் சின்னத் திருட்டுக்கும் வழியில்லாமல் செய்தது.

டாப் 40இன் உண்மையான உள்ளடக்கம் இந்த வட்டமே. பாட்டு அதற்குள் வந்து போகும் சரக்கு.

பிளவு

பண்பலை கொடுத்ததைப் பண்பலையே பறித்தது. 1983இல் ஆணையம் அறுநூறுக்கும் மேற்பட்ட புதிய பண்பலை ஒதுக்கீடுகளுக்கு வழிவிட்டது. நிலையங்கள் பெருகப் பெருக எல்லோருக்குமான பட்டியல் கட்டுப்படியாகவில்லை. 1986இல் லாஸ் ஏஞ்சல்ஸின் பவர் 106 நடன இசைக்காரர்களைத் தனியே அழைத்துக்கொண்டது. முப்பது வயதைக் கடந்தவர்களை வேறு நிலையங்கள் பிரித்துக்கொண்டன. ராப்பையும் கிரஞ்சையும் ஒரே மணியில் ஒலிக்கச் செய்ய யாருக்கும் துணிவில்லை. 1990களின் தொடக்கத்தில் டாப் 40 நிலையங்கள் கூட்டங்கூட்டமாக வேறு முறைகளுக்கு மாறின. பிழைத்தவை ஒரே முறையின் கிளைகளாகத் தனித்தனிப் பெயர் சூடிக்கொண்டன.

1996ஆம் ஆண்டுச் சட்டம் நாடளாவிய உரிம உச்சவரம்பை நீக்கியது. பெரிய நகரத்தில் ஒருவரே எட்டு நிலையங்கள் வரை வைத்திருக்கலாம் என்றது. கிளியர் சேனல் நிறுவனம் சுமார் 1,200 நிலையங்களைச் சேர்த்தது. அறிவிப்பாளர் ஓர் ஊரில் உட்கார்ந்து பத்து ஊர்களுக்குப் பேசிப் பதிந்து அனுப்பினார். 2007இல் ஃபிலடெல்ஃபியாவில் நாட்குறிப்புக்குப் பதில், கேட்பதைத் தானே குறித்துக்கொள்ளும், இடுப்பில் செருகும் மின்னணுக் கருவி வந்தது. நினைவில் நிற்கும் பெயரை நம்பிய உத்திகளில் பாதி அன்றோடு வீண். ஆனால் கால் மணிக் கணக்கு அப்படியே இருந்தது.

இத்துறையில் ஆய்வு செய்கிறவர்களுக்குச் சான்று ஒரு தொல்லை. நிலையங்கள் தம் ஒலிபரப்பைப் பெரும்பாலும் சேமிக்கவில்லை. மிஞ்சியவை அறிவிப்பாளர்கள் வேலை தேடப் பதிந்துவைத்த நாடாக்கள். மைக் திறக்கும்போது ஓடி, மூடும்போது நிற்கும்படி அமைத்த இயந்திரத்தில் பதிந்தவை. பாட்டு தொடங்கிய நொடியில் அறுந்து, முடியும் நொடியில் மறுபடி குரல் வரும். நாற்பது பாட்டு முறையின் ஆவணத்தில் பாட்டு மட்டும் இல்லை. நம் பக்கமும் இந்த இழப்பு நேராதிருக்கட்டும்: சென்னையில் தனியார் பண்பலை 2003இல் தொடங்கியது. அந்த நாட்களின் பாட்டு அட்டவணைத் தாளோ, ஒலிப்பதிவோ எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால், பழைய காகிதக்காரரிடம் போடுமுன் ஒரு நூலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.