அச்சத்தின் அளவுகோல்

கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்த 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உளவியலார் சிலர் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். ஈரான் நாட்டில் 717 பேரிடம் பெற்ற விடைகளைக்கொண்டு உருவாக்கப்பட்ட அதில் இருப்பவை ஏழே கூற்றுகள். நோயை நினைத்தால் கை வியர்க்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, உறக்கம் கெடுகிறதா, உயிர் போய்விடுமோ என்று அஞ்சுகிறோமா என்பன போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை குறைந்தது 7, மிகுந்தால் 35. அதே திங்களில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய ஆய்வில் 70,000-க்கும் மேற்பட்டோர் தம் கவலையையும் தனிமையையும் பற்றி விடையளித்தனர்.

அச்சத்துக்கும் மதிப்பெண்ணா என்று நகைப்போர் உண்டு. நாம் நகைக்க மாட்டோம். யாருக்கு ஆறுதல் தேவை என்று அறிவதற்கு ஒரு கணக்கு வேண்டும்தான். ஆயினும் அந்த ஏழு கூற்றுகளும் அஞ்சுகிறவனின் உடலையும் உள்ளத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. அவனுடைய அச்சம் அயலான்மீது எவ்வாறு பாய்கிறது என்பதை அறிய, இத்தகைய அளவுகோல்கள் இல்லாத காலத்தின் நீதிமன்ற ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

1630-இல் ஸ்பானிய ஆட்சியிலிருந்த மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். புனித சார்லஸ் பொரோமியோவின் திருவுடலைப் பவனியாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்று நகரத்தார் வேண்டினர். அவருடைய உறவினரும் அப்போதைய பேராயருமான கர்தினால் பெதெரிக்கோ முதலில் மறுத்தார். கூட்டம் கூடினால் நோய் பரவும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். வற்புறுத்தல் மிகவே இசைந்தார். ஜூன் 11-ஆம் நாள் பவனி நடந்தது. அதன்பின் சாவு பெருகியது. அவரைக் குறைகூறுவது இன்று நமக்கு எளிது. பங்கு மக்களின் கண்ணீருக்கு முன் 'இல்லை' என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கே அதன் கடினம் தெரியும்.

ஆனால் சாவு பெருகியதற்குக் கூட்டமே காரணம் என்று மக்கள் எண்ணவில்லை. நஞ்சு பூசுவோர் அக்கூட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டனர் என்றனர். பத்து நாள் கழித்து, ஜூன் 21 அதிகாலை, மழையில் சுவரோரமாக நடந்துசென்ற ஒருவன் சுவரில் கையைத் தேய்த்ததைச் சன்னல் வழியே ஒரு பெண் கண்டாள். அவன் நகரச் சுகாதார மன்றத்தின் ஊழியன் குல்யெல்மோ பியாட்சா. விரலில் படிந்த எழுதுமையைத் துடைத்திருக்கிறான், அவ்வளவே. சித்திரவதையைத் தாங்கி நின்றவன், உண்மையைச் சொன்னால் விடுதலை என்ற வாக்குறுதிக்கு மயங்கி, நாவிதர் ஜான் ஜாக்கொமோ மோராவின் பெயரைச் சொன்னான். நோய் அணுகாதிருக்கத் தைலம் செய்து கொடுத்தவர் மோரா. அத்தைலமும் அவர் வீட்டுக் காரநீர்த் தொட்டியும் சான்றுகளாயின. ஆகஸ்டு 1-ஆம் நாள் இருவரும் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 'இழிவின் தூண்' நாட்டப்பட்டது. 1778-இல்தான் அது அகற்றப்பட்டது. அந்த வழக்கை ஆராய்ந்து அலெசாந்த்ரோ மன்சோனி ஒரு வரலாறே எழுதி வெளியிட்டார். குற்றம் இழைத்தவர்கள் நீதிபதிகள் என்பது அவர் தீர்ப்பு. தூணின் கல்வெட்டு இன்றும் அந்நகரின் ஸ்போர்ட்சா கோட்டையில் உள்ளது.

கூட்டத்தைப் பற்றிய பாடத்தைத் திருச்சபை கற்றுக்கொண்டது எனலாம். 1522-இல் உரோமை வீதிகளில் மக்கள் திரளாகச் சுமந்துசென்ற புனித மர்செல்லோ ஆலயச் சிலுவையை, 2020 மார்ச் 27 மாலை, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தின் மழையில் நிறுத்தித் திருத்தந்தை பிரான்சிஸ் மன்றாடினார்.

அயலானைப் பற்றிய பாடம் அவ்வாறில்லை. அதற்கு மூன்று வாரத்துக்குப் பின், ஏப்ரல் 19 அன்று, சென்னையில் ஒரு மருத்துவர் அத்தொற்றால் இறந்தார். புதைத்தால் தமக்கும் நோய் வரும் என்று அஞ்சிய கூட்டம் அடக்கத்தைத் தடுத்தது. அவர் உடலை ஏற்றிவந்த ஆம்புலன்சைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. அன்று கல்லெடுத்தவர்கள் அந்த ஏழு கூற்றுகளுக்கு விடையளித்திருந்தால் 35-க்கு எத்தனை பெற்றிருப்பர்? தம் வீட்டில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நடுங்கியவர்களும் அதே எண்ணைப் பெற்றிருக்கக்கூடும். அன்றிரவு, உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்ணை அள்ளிப்போட்டு அவரை அடக்கம் செய்தார்.