வீதியும் நீதியும்

மோட்டார் வாகனம் மனிதனுடைய நடமாட்டத்தை விரிவாக்கிற்று என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அதே வாகனம் பொலிஸாரின் அதிகாரத்தையும் விரிவாக்கிற்று என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. குதிரை வண்டிக் காலத்திலே, குற்றம் எதுவும் செய்யாத ஒரு சாதாரண மனிதனைப் பொலிஸார் வழிமறித்து விசாரிக்க நேர்வது அரிது. மோட்டார் வந்தபின் அந்நிலை மாறிற்று. வேகம், விளக்கு, இலக்கத்தகடு, திருப்பம், தரிப்பிடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி பிறந்தது. எவ்வளவு கவனமுள்ள சாரதியாயினும் நாள் முழுவதும் ஒரு விதியையேனும் மீறாமல் வண்டி ஓட்டுவது கடினம். எல்லோரும் மீறுகின்ற ஒரு சட்டம் இருக்குமாயின், எவரைப் பிடிப்பது, எவரை விடுவது என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. வீதியோரத்தில் நிற்கும் அதிகாரியே தீர்மானிக்கிறார். அத்தீர்மானம் எவருக்கு எதிராகத் திரும்புகிறது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் கடந்த நூறாண்டு வரலாறு தக்க சான்றாகும்.

அந்நாட்டு அரசியல் யாப்பின் நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனைகளிலிருந்து மக்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஒருவருடைய வீட்டைச் சோதிக்க விரும்பும் பொலிஸார் பொதுவாக நீதிபதியிடம் ஆணை பெறவேண்டும். மதுவிலக்குச் சட்டம் நடைமுறையிலிருந்த 1925ஆம் ஆண்டிலே, கள்ளச் சாராயம் கடத்திய ஒரு காரைப் பற்றிய கரோல் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு விதிவிலக்கை வகுத்தது. வீடு நிற்கும், கார் ஓடிவிடும். ஆகவே தக்க காரணம் இருப்பின், ஆணையின்றியே காரைச் சோதிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். மதுவிலக்கு 1933இல் ஒழிந்தது, விதிவிலக்கோ ஒழியவில்லை.

இவ்வதிகாரம் எல்லோர் மீதும் ஒரே பாரமாக விழவில்லை. கறுப்பின மக்களிற் சிலர் உழைத்துச் சேர்த்த பணத்தில் கார் வாங்கியமைக்கு ஒரு முக்கிய காரணம், பேருந்திலும் புகைவண்டியிலும் அனுபவித்த இனப் பாகுபாட்டிலிருந்து தப்புவதாகும். ஆயினும் வீதியிலும் அவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. சூரியன் மறையுமுன் கறுப்பர் வெளியேறிவிட வேண்டும் என்று எழுதப்பட்டும் எழுதப்படாமலும் விதி வைத்திருந்த ஊர்கள் அந்நாட்டிற் பலவிருந்தன. எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்கு வழிகாட்டிய 'பச்சைப் புத்தகம்' என்ற கைந்நூலை, நியூயோர்க் ஹார்லெத்தில் வாழ்ந்த விக்டர் கிரீன் என்ற தபால் ஊழியர் 1936இல் வெளியிடத் தொடங்கினார். அது முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டது என்பதொன்றே அக்கால வீதிகளின் நிலையை உணர்த்தப் போதுமானது.

போக்குவரத்துச் சட்டம் அரசியல் ஆயுதமாகவும் பயன்பட்டது. 1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரிலே கறுப்பின மக்கள் பேருந்துகளைப் பகிஷ்கரித்தனர். தொழிலாளரை வேலைத்தலங்களுக்கு ஏற்றியிறக்கச் சொந்தக் கார்கள் அணிவகுத்தன. போராட்டத்தைச் சட்டத்தால் தடுக்க முடியாத நகர நிர்வாகம், சாரதிகளைத் தடுத்தது. அற்பக் காரணங்களைக் காட்டியும், காரணமே இல்லாமலும் வண்டிகள் நிறுத்தப்பட்டுத் தண்டச் சீட்டுகள் எழுதப்பட்டன. 1956 ஜனவரி 26ஆம் திகதி, 25 மைல் வேக எல்லையுள்ள வீதியில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று ஓர் இளம் மதகுரு கைது செய்யப்பட்டுச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர்தான் மார்ட்டின் லூதர் கிங். மணிக்கு 5 மைல் வேகத்துக்காக எத்தனை வெள்ளையர் அந்நகரிற் சிறை சென்றிருப்பர் என்று கேட்டால், சட்டத்தின் உண்மை முகம் புலப்படும்.

1965 ஆகஸ்ட் 11ஆம் திகதி மாலை, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியருகே, மதுபோதையில் ஓட்டினார் என்ற ஐயத்தின் பேரில் மார்க்கெட் பிரை என்ற 21 வயது இளைஞர் நிறுத்தப்பட்டார். வாக்குவாதம் கைகலப்பாயிற்று, கூட்டம் திரண்டது. ஆறு நாட்கள் நீடித்த கலவரத்தில் 34 பேர் மாண்டனர். ஒரு காரை நிறுத்தியதால் ஒரு நகரம் எரியுமா? எரியாது. வேலையின்மையும், சீர்கெட்ட பாடசாலைகளும், நெருக்கடியான குடியிருப்புகளும், நாள்தோறும் பொலிஸாரிடம் பட்ட அவமானமும் ஏலவே குவித்து வைத்திருந்த விறகின்மேல் விழுந்த பொறியே அந்நிகழ்ச்சி.

இத்தகைய அனுபவங்களுக்குப் பின்னர் நீதிமன்றங்கள் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கும் என்று நாம் எதிர்பார்க்கலாம். நிகழ்ந்தது பெரும்பாலும் அதற்கு மாறானது. சட்டப்படி நிறுத்தப்பட்ட சாரதியைக் காரைவிட்டு இறங்குமாறு பொலிஸார் பணிக்கலாம் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வித ஐயமுமின்றித் தம் விருப்பப்படி வண்டிகளை நிறுத்தலாகாது என்று 1979இல் விதித்தமை மக்களுக்குக் கிடைத்த சிறு வெற்றி. ஆனால் 1996இல் வந்த ரென் வழக்குத் தீர்ப்பு அவ்வெற்றியைப் பெரிதும் பயனற்றதாக்கிற்று. போக்குவரத்து விதி மீறப்பட்டதைப் பொலிஸார் கண்டிருப்பின், வண்டியை நிறுத்தியதன் உள்நோக்கம் வேறாக இருந்தாலும் நான்காவது திருத்தத்தின் கீழ் அது செல்லும் என்று நீதியரசர்கள் ஏகமனதாகக் கூறினர். விதியை மீறாத சாரதி அரிதாகையால், நிறுத்த விரும்பிய எவரையும் நிறுத்தும் உரிமை இவ்வாறு சட்டபூர்வமாயிற்று.

இவ்வுரிமைக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. மிசூரி மாநிலத்துப் பெர்கூசன் நகரைப் பற்றி ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதனை வெளிச்சமாக்குகிறது. அந்நகர மக்களுள் கறுப்பினத்தார் 67 சதவீதம். 2012 முதல் 2014 வரை வாகனங்களில் நிறுத்தப்பட்டோருள் அவர்கள் 85 சதவீதம். அவர்களே கூடுதலாகச் சோதனைக்கு உள்ளாயினர். ஆனால் சட்டவிரோதப் பொருள் அகப்பட்ட விகிதமோ வெள்ளையரிடத்தேதான் கூடுதல். 2015ஆம் ஆண்டுக்கான நகர வரவுசெலவுத் திட்டத்தில், 132.6 இலட்சம் டொலர் பொது வருவாயுள் 30.9 இலட்சம் டொலர் தண்டப்பணத்தாலும் கட்டணங்களாலும் வருமென எதிர்பார்க்கப்பட்டது. பொலிஸ்காரர் வரி தண்டுவோராக மாற்றப்பட்டனர். தண்டம் கட்ட வசதியற்ற ஏழை நீதிமன்றத்துக்குப் போக அஞ்சினால் அவர்மேற் பிடியாணை பிறக்கும். சுமார் 21,000 மக்களைக் கொண்ட அந்நகரின் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணைகள் 2014 டிசம்பரில் 16,000 பேருக்கு மேற்பட்டோர்மீது நிலுவையிலிருந்தன. வருமானத்தைப் பாராமல் விதிக்கப்படும் தண்டம், செல்வனுக்கு ஒரு சிறு தொல்லை. தொழிலாளிக்கு ஒரு வாரக் கூலி.

மினசோட்டா மாநிலத்திலே பிலாண்டோ காஸ்டீல் என்ற 32 வயது மனிதர் ஒரு பாடசாலையின் உணவுச்சாலையிற் பணிபுரிந்தார். எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை நினைவில் வைத்திருந்தவர் என்று அவருடன் பணியாற்றியோர் சொல்லினர். அவருடைய வாழ்நாளில் 46 தடவைக்குக் குறையாமற் பொலிஸார் அவரது வண்டியை நிறுத்தியிருந்தனர். பெரும்பாலும் அற்பக் காரணங்களுக்காக. 2016 ஜூலை 6ஆம் திகதி இறுதித் தடவையாக நிறுத்தினர். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் தாமாகவே அறிவித்தார். அதை வைத்திருக்க அவருக்கு அனுமதி இருந்தது. சில கணங்களுக்குள் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரி மறு ஆண்டு விடுதலையானார்.

வீதியில் மக்களின் உயிரைக் காக்கக் கண்காணிப்பு வேண்டாமா என்று சிலர் கேட்பர். வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுபவனும் வெறிவேகத்தில் ஓட்டுபவனும் ஏழைப் பாதசாரியையே முதலிற் கொல்கிறான். நாம் எதிர்ப்பது அக்கண்காணிப்பை அன்று. உடைந்த பின்விளக்கைச் சாக்காக்கி மனிதனைத் துருவும் முறையையே எதிர்க்கிறோம். இம்முறையைச் சில வெள்ளை அதிகாரிகளின் மனக்கோணல் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2023 ஜனவரியில் டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் டயர் நிக்கல்ஸ் என்ற கறுப்பின இளைஞர் வண்டி நிறுத்தப்பட்டு, அடிக்கப்பட்டு, மூன்று நாட்களில் மாண்டார். அடித்தமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து அதிகாரிகளும் கறுப்பினத்தவரே. ஆளின் நிறம் மாறினும் அதிகாரத்தின் அமைப்பு மாறாதவரை விளைவு மாறுவதில்லை.

அமைப்பை மாற்றும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன. பிலடெல்பியா மாநகர சபை 2021இல் இயற்றிய சட்டம், எட்டுச் சிறு தவறுகளுக்காக மாத்திரம் வண்டியை நிறுத்தலாகாது என்று விதித்தது. நிக்கல்ஸின் மரணத்தின்பின் மெம்பிஸ் மாநகர சபையும் அவ்வழியிற் சென்றது. ஆனால் 2024இல் டெனசி மாநிலச் சட்டசபை, அந்த இளைஞரின் பெற்றோர் மன்றாடியும் கேளாது, நகரத்தின் சட்டத்தைச் செயலற்றதாக்கிற்று. மக்கள் பெற்ற உரிமையை மக்களே காவல் செய்யாவிடின் அது நிலையாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 10 கோடி வாகன நிறுத்தங்களை ஆராய்ந்து ஒன்றைக் கண்டது. சூரியன் மறைந்தபின் நிறுத்தப்படுவோருள் கறுப்பினச் சாரதிகளின் விகிதம் குறைகிறது. இருளிலே சாரதியின் முகம் தெரிவதில்லை. அன்று சூரிய அஸ்தமனம் அம்மக்களுக்கு ஊரைவிட்டு ஓடும் நேரமாக இருந்தது. இன்று அதுவே அவர்களுக்குச் சற்று நிம்மதி தரும் நேரமாக இருக்கிறது. பட்டப்பகலில் ஒரு மனிதன் தன் முகத்தோடு அச்சமின்றி வண்டி ஓட்டிச் செல்ல முடியாத வீதியைப் பொதுவீதி என்று எந்நாடும் அழைத்துக்கொள்ள உரிமையில்லை.